ஏசி வேண்டாத கடை

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஏசி கான்ட்ராக்டராக இருந்தேன். ஆரியசாலையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி, கரமனை ரோட்டில் மூன்று மாடிக் கடை கட்டுகிறார் என்றதும் முழுக் கட்டடத்துக்கும் குளிர்காற்று போகும் டக்ட் போடக் கொட்டேஷன் கொடுத்தேன். அந்த வேலையை நம்பி இரண்டு மெக்கானிக்குகளையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டு, ஏசியே வேண்டாம் என்று ஆர்க்கிடெக்ட் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

ஆர்க்கிடெக்ட் ஜயன் என்னைவிட ரொம்பச் சின்னவர். பிளானை விரித்துக் காட்டினார். மேற்கே ஜன்னலே கிடையாது, மாடிப்படியும் குடோனும்தான். வடக்கிலும் தெற்கிலும் காற்றுக்கு வழி. செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்து சூடு உள்ளே கடக்காதபடி நடுவே வெற்றிடம் விட்ட சுவர். படிக்கட்டு உச்சியில் சூடு வெளியேறத் திறப்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இந்த ஆள் ஒரு பென்சிலை வைத்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே என்று பொருமினேன்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட அண்ணாச்சி, கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஒரு விண்டோ ஏசி போடச் சொன்னார். ஒன்றரை டன் வேண்டும் என்றேன்.

"ஒரு டன் மதி, சாரே, அதுவே போதும். அந்தச் சுவர்ல வெயில் படவே படாது," என்றார் ஜயன்.

அவர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றரையில் நின்றேன். அண்ணாச்சியும் விட்டுவிட்டார்.

கடை திறந்தார்கள். ஏப்ரல் புழுக்கத்தில் துணி எடுக்க வருகிறவர்களுக்கு வியர்த்துக் கொட்டும், அண்ணாச்சி என்னைத் தேடுவார் என்று காத்திருந்தேன். ஒரு மத்தியானம் போனும் வந்தது. பழைய கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்று மாடியிலும் ஃபேன்தான் ஓடியது. யாரும் சட்டையை உதறவில்லை.

அண்ணாச்சி என்னை நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். "என்ன ஏசி வே போட்டீரு? இந்தப் பிள்ள ஸ்வெட்டர் போட்டுல்லா பில் அடிக்கா. ஒரு டன்னா மாத்தித் தாரும்."

மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து எங்கே போனாலும் அளவெடுக்க டேப்பை எடுக்கும் முன் மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, அதை மறைக்க வழியுண்டா என்றுதான் பார்ப்பேன். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்வதும் இதைத்தான். யாரிடம் கற்றேன் என்று மட்டும் சொல்வதில்லை. இன்றும் கரமனை வழியாகப் போனால், அந்தக் கட்டடத்தில் நான் மாட்டியதைத் தவிர வேறு ஏசி ஏதாவது தொங்குகிறதா என்று கண் தேடும். இன்னும் ஒன்றுமில்லை.