சத்திரக்காரிக்கு ஞாபகமிருக்கிறது

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவருக்குக் கடையில் ‘வாள்வீரர்’ என்று பட்டப்பெயர். ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

“சண்டைய விடு. கிராஃபிக்ஸத் தூக்கிக் குப்பையில போடு. நாம எப்பவோ சொன்னத அந்த கேம் ஞாபகம் வெச்சிருக்கா? அதுதான்யா கதை. மத்ததெல்லாம் சும்மா பட்டன் தட்டுற வேலை.”

அவருக்குப் பிடித்த கேமின் தொடக்கத்தில், சத்திரக்காரி ஒருத்தி, “உங்களுக்கு எது ஆகாது?” என்று கேட்பாள். திரையில் வந்த பதில்களில் ‘மழை’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். பல வாரம் ஆடி, காடு மலையெல்லாம் சுற்றி அந்த ஊருக்குத் திரும்பியபோது மழை கொட்டியது. அவள் கதவைத் திறந்து, “சீக்கிரம் உள்ள வாங்க, உங்களுக்குத்தான் மழை ஆகாதே!” என்றாள்.

அவர் ஆட்டத்தைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனார். அவள் கதவைத் திறப்பதற்கு முந்தைய இடத்தைத் தனியாக சேவ் செய்துவைத்தார்; எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்து கதவைத் தட்டலாம். அதற்கு மேல் ஆடவில்லை. அவர் கொல்ல வேண்டிய ராட்சசன் இன்னும் சௌக்கியமாக இருக்கிறான்.

கடையில் பில் போடும் பெண்தான் தினமும் எல்லாருக்கும் டீ கலப்பாள்.

“அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?”

“எனக்கு சுகர்மா.”

“ஐயோ, மறந்தே போச்சுண்ணே!”

நேற்றும் அதே கேள்வி, அதே பதில். சாயங்காலம் மழையில் தொப்பலாக நனைந்து அறைக்கு வந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல் கேமைப் போட்டு, சத்திரத்துக் கதவைத் தட்டினார்.