மகனுக்கு வாசித்த ஆறு எண்கள்

லீவில் வந்த மகன் குடும்பத்தோடு நோர்வேக்குத் திரும்பிய பிறகு, அவன் படுத்த அறையைக் கூட்டும்போதுதான் அந்தச் சாமானைக் கண்டேன். கதவுத் திறப்புக் கோர்வையில் கொழுவுகிற அளவு. சாம்பல் நிறம். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் ஆறு எண்கள். பார்த்துக்கொண்டிருக்கவே எண்கள் மாறின. பயந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவனே அங்கிருந்து போன் எடுத்தான். வீட்டிலிருந்து வேலை செய்ய அது வேண்டுமாம், டோக்கன் என்று பெயராம். டோக்கன் என்றால் ஆஸ்பத்திரியில் தருகிற நம்பர்த் துண்டுதான் எனக்குத் தெரியும். இது வேறு. இதில் வருகிற ஆறு எண்ணும் ஒரு நிமிடம்தான் நிற்கும், பிறகு வேறு ஆறு வரும். அந்த நேரத்து எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் அவன் வேலை செய்கிற கந்தோர் அவனை உள்ளே விடும். தபாலில் அனுப்பினால் வழியில் தொலையும் என்று பயந்தான். கந்தோரில் புதிது கேட்டால் பேச்சு வாங்க வேண்டும். அதனால் நான் பார்த்து வாசித்தால் போதும் என்றான். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். சொல்வதற்கு இந்த வீட்டு வளவுக்குள் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதற்கு முதல் அவன் எப்போதாவதுதான் எடுப்பான். நானாக எடுப்பதில்லை. வேலையில் நிற்பான், நித்திரையாக இருப்பான் என்று யோசித்து யோசித்தே விட்டுவிடுவேன். டோக்கன் வந்த பிறகு வேலை நாள் தவறாமல் போன் அடித்தது. அவனுக்குக் காலை, எனக்கு மதியம். சோற்றை இறக்கி வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எண் வாசிக்க அந்தப் படிப்புக் காணும். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் சின்னக் கோடுகள் இருக்கும், நேரம் போகப் போக ஒவ்வொன்றாகக் குறையும். ஒரு கோடு மிஞ்சி நிற்கும்போது வாசித்தால், அவன் அடித்து முடிக்க முதல் எண் மாறிவிடும். அப்படியான நேரத்தில், “பொறு ராசா, இது முடியப் போகுது, புதுசு வரட்டும்” என்பேன். காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் கதை. பிள்ளைக்குத் தடிமன் இருமல் மாறிவிட்டதா, இரவு என்ன சாப்பிட்டாய், குளிர் தொடங்கிவிட்டதா. அவனும் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்லுவான். கோடுகள் நிறைய நிற்கிற நாளில்தான் எனக்குக் கவலை. எண்ணை வாங்கிக்கொண்டு, சரி அம்மா என்று வைத்துவிடுவான்.

நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் காலை பூசைக்கு அரிவாள், கத்தரிக்கோல், பேரப்பிள்ளை விட்டுப் போன சித்திரக் கொப்பி எல்லாம் சாமியறையில் வைத்தேன். டோக்கனையும் கழுவாத குறையாகத் துடைத்து, நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் தொட்டு வைத்தேன். பூசையில் வைத்ததை விஜயதசமி விடியத்தான் தொடுவது.

மதியம் மகனின் போன் வந்தது.

“இண்டைக்கு ஏலாது தம்பி. பூசையில வைச்சிருக்கிறன். நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம்.”

“உந்த டோக்கனை ஏன் அம்மா அங்கை வைச்சனீங்கள்?”

“உன்ரை ஆயுதம் உதுதானே?”

சிரித்துவிட்டான். “சரி, எடுக்க வேண்டாம். குனிஞ்சு பாத்துச் சொல்லுங்கோ. சரஸ்வதி உதுக்குக் கோவிக்க மாட்டா.”

குனிந்தேன். கடைசி இரண்டு எண்ணும் காய்ந்த சந்தனத்துக்குக் கீழே நின்றன. துடையுங்கோ என்றான். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விரலை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைந்து கண்ணாடி முழுக்கப் பரவியது. எட்டோ மூன்றோ தெரியவில்லை. எட்டு என்றேன், பிழை. அடுத்த எண் வந்தது, ஆறோ சைபரோ தெரியவில்லை. அதுவும் பிழை. இன்னொன்று வாசித்தேன்.

“அம்மா, மூண்டும் பிழை, கம்ப்யூட்டர் பூட்டிப் போட்டுது” என்றான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விஜயதசமி அன்று விடியவே தலை முழுகி, அதை எடுத்துப் பழந்துணியால் துடைத்தேன். ஆறு எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. மதியம் போன் வரவில்லை. பின்னேரம்தான் எடுத்தான். கந்தோர்க்காரர் அவனுடைய போனுக்கே எண் வருகிற மாதிரிச் செய்து கொடுத்துவிட்டார்களாம்.

“இனி உது தேவையில்லை அம்மா. உங்களுக்கும் கரைச்சல் இல்லை.”

எனக்கு என்ன கரைச்சல் என்று கேட்க வாய் வரவில்லை. “ஓம் ராசா, நல்லதாப் போச்சு” என்றேன்.

அதன் பிறகு மதியங்கள் நீண்டன. பக்கத்துக் கொக்குவில் ஸ்டேசனுக்கு ரயில் வந்து போகிற சத்தம் கேட்கும். சோறு ஆறிவிடும்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், என்னை நானே பிடித்துத் தள்ளினது போல, நானாக அவனுக்குப் போன் எடுத்தேன். அவன் குரலில் பயம் இருந்தது.

“அம்மா? ஏதும் சுகமில்லையோ?”

“ஒண்டுமில்லைத் தம்பி. இஞ்சை மழை.”

“வேலையில நிக்கிறன் அம்மா. பிறகு எடுக்கிறன், என்ன?”

“ஓம், ஓம்.”

போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. ஆனால் நிறுத்த மறந்துவிட்டான். எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அந்த நாட்டுப் பாஷையில் யாருடனோ கதைக்கத் தொடங்கினான். அவன் அந்தப் பாஷையை இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. என்னோடு கதைக்கிற குரலை விட உரத்த குரல், வேகமான குரல். ஓரிடத்தில் பெரிதாகச் சிரித்தான். அவன் அப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. மழைச் சத்தம் அவனுக்குப் போய்விடக் கூடாதென்று உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டிலில் இருந்து கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதிரை இழுபட்டது. போன் நிற்காமல் கிடந்ததைக் கண்டிருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது.