கேன்டீன் சிடிப் பெட்டியை ஸ்கிராப்பில் போட்ட கதை

ஆயுத பூஜையன்று காலை பத்தரை மணிக்கு, எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அத்தனை பேரும் கைகூப்பி நின்றபோது, ஒலிபெருக்கி ஜட்டி விற்றது.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அட்மின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் பத்மா. அட்மின் என்றால் வேறு யாரும் செய்ய விரும்பாத வேலை எல்லாம் என்று பொருள். பஸ் பாஸ், சேஃப்டி ஷூ, கழிவறைத் தாழ்ப்பாள், சாம்பாரில் கிடந்த பல்லி, பூஜைக்குப் பூசணிக்காய். பாட்டுப் போடுவதும் அதில் சேர்த்தி.

அன்று என் போனில் ஓர் இலவச ஆப்பில் சாமி பாட்டைப் போட்டு, ஒயரை ஆம்பிளிஃபயரில் சொருகியிருந்தேன். ஐயர் கற்பூரம் ஏற்றினார். எம்.டி. கண்களை மூடினார். பாட்டு முடிந்தது. உடனே ஒரு பெண் குரல், மிகுந்த பாசத்தோடு, நாள் முழுக்க இறுக்காத எலாஸ்டிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நான் ஓடிப் போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் மூன்று சைஸ்களின் பெயரைச் சொல்லிவிட்டது. எம்.டி. கண்ணைத் திறக்கவே இல்லை. அது பக்தியா, சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை தெரியாது.

பெர்சனல் மேனேஜர் சேஷாத்ரி சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா பத்மா, நாம இங்க பூஜை பண்றோமா, ஜட்டி விக்கிறோமா?"

"ஃப்ரீ ஆப் சார். நடுவுல விளம்பரம் வரும்."

"அப்போ காசு குடுத்து வாங்கு. ஒரு ஜென்டில்மேன் மாதிரி வாங்கு."

நான் ஜென்டில்மேன் இல்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

டவுன்லோட் வந்தது

அதுவரை கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு சிடிதான் ஓடும். அந்த சிடிகள் கம்பெனியுடையவை அல்ல. பிரஸ் ஆபரேட்டர் திம்மராயனுடையவை. பாகலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் மெஷினைக்கூடத் தமிழில்தான் திட்டுவார். "வீட்ல எலி கடிக்குது மேடம், இங்க நாலு பேர் கேக்கட்டும்" என்று தன்னிடமிருந்த நூற்றிருபது ஆல்பங்களை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தார். கொடுக்கவில்லை, கேட்கட்டும் என்று வைத்திருந்தார். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கள் தமிழ், செவ்வாய் கன்னடம், புதன் தெலுங்கு, வியாழன் இந்தி. வெள்ளிக்கிழமை யாருடையது என்பதற்காக நடந்த கூட்டங்கள், சம்பள ஒப்பந்தத்துக்கு நடந்தவற்றைவிட அதிகம். கடைசியில் வெள்ளிக்கிழமை சாமி பாட்டு என்று முடிவானது. சாமி பேரைச் சொன்னதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சேஷாத்ரி சார் தன் அலுவலக மெயில் ஐடியில் ஒரு கணக்கைத் திறந்து, பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னார். திம்மராயனின் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆல்பமாகப் பெயரைத் தேடி நான்தான் வாங்கினேன். டவுன்லோட் என்று பெயரே தவிர, அந்தப் பாட்டு அந்த ஆப்புக்குள்தான் பாடும். வெளியே எடுக்க முடியாது. வாங்கிய புடவையைக் கடைக்குள்ளேயே கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

கேன்டீனில் முதல் வெள்ளிக்கிழமை அது பாடியபோது, திம்மராயன் தட்டோடு என்னிடம் வந்தார்.

"மேடம், அந்த பஜனை ஆல்பம் இது இல்லியே."

"அதேதாண்ணே. பேர் பாருங்க, போட்டோ பாருங்க."

"பேர் அதுதான். பாட்டுதான் அது இல்ல. ஒரு எடத்துல கொறையுது."

"சவுண்டு நல்லா க்ளியரா இருக்குண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ரசம் வாங்கப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை.

சிவப்பு டேக்

அடுத்த மாதம், இட ஒழுங்கைச் சோதிக்கும் ஃபைவ் எஸ் ஆடிட் வந்தது. தேவையில்லாத பொருள் எதுவும் தொழிற்சாலைக்குள் இருக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. சந்தேகமான பொருளில் சிவப்பு டேக் ஒட்டுவோம்; ஏழு நாளில் யாரும் உரிமை கோராவிட்டால் ஸ்கிராப். தகரப் பெட்டியைப் பார்த்து சேஷாத்ரி சார் முகத்தைச் சுளித்தார்.

"பாட்டுதான் வாங்கியாச்சே. இது எதுக்கு இன்னும்?"

டேக் ஒட்டினேன். ஏழு நாளும் யாரும் வரவில்லை. வரவேண்டிய ஒரே மனிதர் கண்புரை ஆபரேஷனுக்காக லீவில், கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு பாகலூரில் படுத்திருந்தார். எட்டாம் நாள் நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்கிராப் வண்டி போய்விட்டது.

திம்மராயன் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார்.

"பொட்டி எங்க மேடம்?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உள்ள ஸ்டோர்ல பத்திரமா இருக்குண்ணே" என்றேன்.

"சரி, அங்கயே இருக்கட்டும். ரிட்டயர்மென்ட்ல எடுத்துக்கினு போறேன்."

அவருடைய ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தேன். என்ன ஆகும் என்று நினைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

சத்தம் நின்றது

ஆகத்தான் செய்தது. இரண்டு வருடம் முடியப்போகிற நேரத்தில், சேஷாத்ரி சார் புனேவில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஐ.டி. பிரிவு விதிப்படி அவருடைய மெயில் ஐடியை அழித்தது. மறுநாள் மதியம் கேன்டீனில் ஆப்பைத் திறந்தால், கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லை மாற்ற, இல்லாத அந்த மெயிலுக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னது. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "உங்கள் இசை அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. அதே பதில் நான்கு முறை வந்தது. அவ்வளவுதான். வாங்கிய பாட்டுகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

சேஷாத்ரி சாருக்கு போன் போட்டேன். "அதெல்லாம் இன்னுமா கேக்கறீங்க?" என்றார்.

கேன்டீனில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் திம்மராயன் வந்து நின்றார்.

"இன்னா மேடம், பாட்டு செத்துப்போச்சாமே. எப்படியும் வர்ற மாசம் நான் ரிட்டயர்டு. பொட்டிய வெளிய எடுங்க, அதுவரைக்கும் போடலாம்."

உட்காரச் சொன்னேன். சொன்னேன், எல்லாவற்றையும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அந்த பஜனை ஆல்பம் மேடம். எங்க ஊர் கல்யாண மண்டபத்துல வச்சு ரெக்கார்டு பண்ணாங்க. கூட்டத்தோட கூட்டமா நானும் உக்காந்திருந்தேன். மூணாவது பாட்டு நடுவுல, எல்லாரும் கப்சிப்னு இருக்கற எடத்துல ஒரு இருமல் வரும். அது நான்."

"நீங்களா?"

"நான்தான். ரெண்டு இருமல். எங்கப்பன் பேருகூட எங்கயும் அச்சாகல மேடம், என் இருமல் சிடியில இருக்கு. நீங்க வாங்குனதுல அதை வெட்டிட்டானுங்க. க்ளியர் பண்ணிட்டானுங்களாம்."

அவர் எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கொல்லையில் தொங்கியது

ஸ்கிராப் வியாபாரியைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"பளபளன்னு இருக்கற தட்டா? கொல்லை வச்சிருக்கறவங்க வாங்கிக்கினு போவாங்க மேடம், குருவி ஓட்ட. தேன்கனிக்கோட்டை மாதப்பன் மொத்தமா தூக்கினு போனாரு."

ஞாயிற்றுக்கிழமை திம்மராயனும் நானும் பஸ் ஏறினோம். வழியில் அவர் பேசிய ஒரே வாக்கியம், "ஜன்னலைச் சாத்துங்க, தூசி."

மாதப்பனின் கொல்லையில் (எங்கள் பக்கத்தில் வயலுக்கு அதுதான் பெயர்) ராகி பால் பிடித்து நின்றது. கயிறு கயிறாகக் கட்டி, அதில் திம்மராயனின் ஆல்பங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு சுழன்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே கயிற்றில். வெள்ளிக்கிழமைச் சண்டை இங்கே தீர்ந்திருந்தது.

"காட்டுப் பக்கமாச்சே, யானை வருதுங்களா?" என்று நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"யானை இதைப் பாத்து பயப்படுமா? போன வாரங்கூட ஒரு ஓரத்தை மேஞ்சிட்டுப் போச்சு. குருவிதான் பயப்படுது. அதனால கழட்டக் கூடாது" என்றார் மாதப்பன்.

"என் பொருள் சாமி" என்றார் திம்மராயன்.

"இருக்கலாம். என் ராகி சாமி."

இருவரும் தெலுங்குக்கு மாறினார்கள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றே ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம், மற்றவை அறுவடை வரை தொங்கட்டும் என்று ஒப்பந்தம் ஆனது. திம்மராயன் ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கயிற்றோடு நடந்தார். பஜனை ஆல்பம் கொல்லையின் கோடியில், புளியமரத்தை ஒட்டி இருந்தது.

ஓசூர் திரும்பி, ஒரு கம்ப்யூட்டர் கடையில் போட்டுப் பார்த்தோம். முதல் பாட்டு பாடியது. இரண்டாவது பாட்டு திக்கியது. மூன்றாவதுக்கு வந்ததும் டிரைவ் கர்ரென்று உறுமிவிட்டு, தட்டை வெளியே துப்பியது.

"வெயில் மேடம்" என்றார் திம்மராயன்.

ராகி மாவு டப்பா

மறுநாள் காலை கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து கேன்டீன் மாஸ்டர் சௌடப்பா டீயோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன். செக்யூரிட்டிக்குச் சொல்லக் கூடாது."

"என்ன?"

"அந்த சிடி பிளேயர் சும்மா சும்மா நிக்கும். பேஜாராயிடும். அதனால பூராத்தையும் எங்க மச்சான் கடையில குடுத்து பென்டிரைவ்ல ஏத்திட்டேன்."

எங்கள் தொழிற்சாலைக்குள் பென்டிரைவ் கொண்டுவருவது வேலை போகிற குற்றம். உதிரிபாகங்களின் டிராயிங் திருடு போகும் என்று பயம். சௌடப்பா அதை ராகி மாவு டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். நூற்றிருபது ஆல்பங்களும் இருந்தன.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"பென்டிரைவ் கூடாதுங்கற சர்க்குலர்ல நீங்கதான் கையெழுத்து போட்டவங்க மேடம்."

காசு கொடுத்து வாங்கியது கடவுச்சொல்லோடு போனது. சொந்தமாக வைத்திருந்தது குருவி ஓட்டுகிறது. சட்டவிரோதமாக மாவு டப்பாவில் கிடந்தது மட்டும் பாடுகிறது. புதிய மேனேஜரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்.

திம்மராயனின் வழியனுப்பு விழா மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்தது. மைக்கைப் பிடித்து, பெட்டியை ஸ்கிராப்பில் போட்டதையும் இரண்டு வருடம் பொய் சொன்னதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பிறகு சௌடப்பா மூன்றாவது பாட்டைப் போட்டார். ஆர்மோனியம் அடங்கிய இடத்தில், மண்டபமே மூச்சைப் பிடித்திருக்கும் அந்த இடத்தில், தெளிவாக இரண்டு இருமல். கேன்டீன் கூரை அதிரக் கைதட்டல். எம்.டி. எழுந்து, "யார் அது?" என்றார். திம்மராயன் மாலையோடு எழுந்து கும்பிட்டார். அவருடைய மனைவி மட்டும், "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? வீட்ல தெனம் இருமறாரே" என்றார்.

பாட்டை எதில் வாங்குவது என்று இளைய சகாக்கள் கேட்டால், எதில் வேண்டுமானாலும் வாங்குங்கள், யாரையும் கேட்காமல் போட முடிகிற ஒரு பிரதி கையில் இருக்கட்டும் என்பேன். ஆனால் நான் கற்றது அதுவல்ல. அந்தத் தட்டுகள் மாதப்பன் வாங்கும்வரை ஒரு மாதம் ஸ்கிராப் யார்டின் நிழலில், மூட்டையில், ஒரு கீறலும் இல்லாமல் கிடந்ததாக வியாபாரி சொன்னார். திம்மராயன் பெட்டி எங்கே என்று கேட்ட அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், ஆட்டோ பிடித்துப் போய் அப்படியே தூக்கி வந்திருக்கலாம்.