என்ன முறை வேணும்?

காலை 8.10. விருதுநகர் பழைய பேருந்து நிலையத்தில் சிவகாசி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். தொலைவும் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர்தான். கோயம்புத்தூரிலிருந்து நான் வந்தது முத்துமாரியின் மகள் நிச்சயத்துக்கு. நான்கு வருடங்களுக்கு முன் நாங்கள் மதுரையில் இருந்தோம். மருத்துவமனையில் டெங்குவோடு என் மகன் ஒரு கட்டிலில்; அடுத்த கட்டிலில் அவள் மகள். பதினெட்டு நாள் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்த பழக்கம் எங்களுக்கு. 'பயராபீசுல வேலை' என்று அவள் சொன்னபோது மேசை முன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்றே நினைத்தேன். பட்டாசுத் தொழிற்சாலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்து இருவரும் சிரித்தோம்.

ஆமத்தூரைத் தாண்டும்போது அவள் போன் செய்தாள்.

"யக்கா, மாப்பிள வீட்டுல யாருன்னு கேட்டா எங்க சித்தி பொண்ணுன்னு சொல்லிருங்க. அம்புட்டுதான்."

"எதுக்கு?"

"தாம்பூலத் தட்ட நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். வேத்து ஆளுன்னா ஒரு மாதிரி பேசுவாக."

எனக்குச் சுருக்கென்றது. தட்டைத் தூக்க ஆசைதான். ஆனால் இல்லாத உறவைச் சொல்லித் தூக்க மாட்டேன். பிடிவாதக்காரி என்று என் வீட்டில் சொல்வது பொய்யில்லை.

9.15. சிவகாசியிலிருந்து நாரணாபுரத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். "இன்னைக்கு ஞாயித்துக்கிழம, கம்பெனி லீவு. அதான் விசேசமெல்லாம்" என்றார் ஓட்டுநர். வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். முத்துமாரி என்னை நேராக அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"சொல்லிருவீகள்ல?"

"தட்டை வேணா தூக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

"எம் பிள்ள கல்யாணம்க்கா இது."

10.40. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். எப்படியும் மசிந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, முத்துமாரி தட்டை என் கையில்தான் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எங்களுக்கு என்ன முறை வேணும்?"

முறை தெரிந்தால்தான் மதினி, அத்தை என்று கூப்பிட முடியும். சாதியும் அதிலேயே தெரிந்துவிடும்; 'வேற ஆளு' என்றால் வேறு சாதி.

"முறை ஒண்ணும் இல்லீங்க. நான் வேற ஆளுங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில், அப்படிப் பழக்கம்."

"அப்ப தட்ட வேற யாராச்சும் வாங்குங்கப்பா" என்றார் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். மணைமேல் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கவில்லை. ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. தட்டை நீட்டினேன். முத்துமாரி வாங்கவில்லை.

"சித்தி பொண்ணுன்னு சொல்லச் சொன்னது நாந்தான். அவுக சொல்லல" என்றாள். "எம் பிள்ள இவ மூணு நாளு பேச்சு மூச்சில்லாம கெடந்து எந்திரிச்சப்ப, வாயில கஞ்சி ஊத்துனது இந்தக் கைதான். இந்தக் கை ஆகாதுன்னா இவளும் ஆகாதுன்னு இப்பமே சொல்லிருங்க."

மாப்பிள்ளையின் அம்மா தட்டையும் பெண்ணையும் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெரியவரும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிடாமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாலை 4.00. நாரணாபுரம் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றோம். முத்துமாரிக்குக் கோபம் தணியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த மூணு பேரும் சாப்பிட்டிருப்பாக."

"சாப்பிட்டிருப்பாங்க. ஆனா இன்னைக்கு நான் வந்திருக்க மாட்டேன். உன் சித்தி பொண்ணுதான் வந்திருப்பா."

கோயம்புத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் யாரும் யாரிடமும் முறை கேட்பதில்லை. அதை நாகரிகம் என்று இவ்வளவு நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரின் பெயர் மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. நான் யாரென்று சொல்லும் தைரியம் அங்கே எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

முத்துமாரியோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அந்தப் பக்கமாக வந்தாள். "யாரு, சொந்தமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துமாரி முந்திக்கொண்டாள்.

"இல்ல, வேற ஆளுக. கல்யாணத்துக்கும் இவுகதான் தட்டு தூக்குவாக."