ஆமென் சொல்லும் மட்டும்

ஜெபகுமாரி வாழ்க்கைப்பட்டு வந்த முதல் நாள் சாயங்காலமே ஒரு கொசுவால் கெட்டாள்.

குழித்துறையில் ஆற்றைப் பார்த்த வீடு. மாப்பிள்ளை நேசையன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் ஆற்றில் கெண்டை மீன்கள் உயரவாரியாக வரிசையில் நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பார்த்தவர்கள் இல்லை, மறுத்தவர்களும் இல்லை. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். புதுப்பெண்ணும் முழங்காலிட்டாள். நேசையன் ஆதாமில் தொடங்கி நோவாவின் பேழைக்கு வந்துசேர்ந்த நேரத்தில் அவளுடைய பிடரியில் கொசு உட்கார்ந்தது. அடித்தாள். சின்னச் சத்தம்தான். கொசு தப்பிவிட்டது.

ஜெபம் முடிந்ததும் அவர் முற்றத்தில் வீடு கட்டிய மிச்சமாய்க் கிடந்த ஜல்லியைக் காட்டினார்.

"ஆமென் சொல்லுக மட்டும் இந்த வீட்டுல ஒருத்தரும் அனங்கப்பிடாது. அனக்கம் காட்டுனா ஆண்டவருக்கு முதுகைக் காட்டுன மாதிரி. போய் முட்டுக்குத்தி நில்லு."

பட்டுச்சேலையோடு நின்றாள். உள்ளே எல்லோரும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, ஏனம் கழுவிக் கவிழ்க்கும் வரை நின்றாள். இரண்டு முழங்காலிலும் பதிந்த வடு இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம், ஜெபத்தில் அவளுடைய தலைமுடிகூட அசைந்ததில்லை.

காலம் யாரையும் விட்டுவைப்பதில்லை. டிரில் மாஸ்டரிடம் அது இரண்டு இடத்தில் கை வைத்தது. முதலில் தொண்டை. முப்பது வருஷம் கத்திய கத்தலில் குரல் கிழிந்து, டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்றுவிட்டார். ஆகவே ஜெபம் பண்ணுகிற வேலை ஜெபகுமாரியிடம் வந்தது. அடுத்தது முழங்கால். மடக்க முடியும், மடக்கினால் நிமிர்த்த முடியாது. அவள் ஆமென் சொல்லி எழுந்து தோளைக் கொடுத்தால்தான் அவர் எழுந்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்று போதகரே சொல்லிப் பார்த்தார். நேசையன் கேட்கவில்லை. சட்டம் போட்டவர் அவர் அல்லவா.

மகள் ஆன்ஸ்லின் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனாள். ரிட்டையரான மனிதருக்கு வரிசையில் நிறுத்த ஆள் இல்லாமல் போனது. மனைவியை எத்தனை தடவைதான் நிறுத்துவது. அப்போதுதான் அஞ்சுகிராமத்தில் நாய் வளர்த்து விற்கிற பகவதியப்பனிடம் போய் ஒரு சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கடுவன் குட்டியை வாங்கி வந்தார். மேஜர் என்று பெயர் வைத்தார். யாராவது அதைப் பட்டி, நாய் என்று சொன்னால் முகத்தைப் பார்க்கமாட்டார்.

வளர்ந்தபோது மேஜர் காலும் கழுத்துமாக, காற்றை வடிகட்டிச் செய்தது போல இருந்தது. மீன்காரி முத்துக்கனி முதல் தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்க கூடையில இருக்க நெய்மீன் கருவாட்டுக்கு இதைவிடச் சதை உண்டு."

நேசையனின் கண் நாய்க் கண்காட்சிப் பரிசில் இருந்தது. அங்கே பரிசு வாங்க ஓடவேண்டாம், குரைக்கவேண்டாம். நிற்கவேண்டும். முன்னங்கால் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்னே தள்ளி, தலையைத் தூக்கி நிற்கவேண்டும். நடுவர் வந்து உதட்டை விலக்கிப் பல் பார்ப்பார். காது, தோள், முதுகு என்று தடவிக்கொண்டே போய், கடுவனாயிருந்தால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று அங்கேயும் கை வைப்பார். அதுவரை நாய் அசையக்கூடாது. "இது நம்ம வீட்டு ஜெபம்தானே" என்று நேசையன் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பிரம்பை வைத்துப் பழக்கினார். அசைந்தால் ஒரு அடி. நின்றால் அடி இல்லை, அதுதான் பரிசு.

திருநெல்வேலியில் முதல் கண்காட்சி. பல் பார்க்கும்வரை மேஜர் நின்றது. நடுவரின் கை வயிற்றுக்குக் கீழே போனதும் வாலை இடுக்கிக்கொண்டு மண்ணோடு மண்ணாய்ப் படுத்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை வந்தால் அது பிரம்பு என்றுதான் அதற்குத் தெரியும். துபாயிலிருந்து வந்து டாபர்மேன் வளர்க்கிற பெனிஷ், ஒருகாலத்தில் நேசையனிடம் அடிவாங்கிய பையன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"சாரே, நீங்க அடிச்ச அடிக்கு நானும் அப்பிடித்தான் படுத்தேன். எனக்கும் பரிசு கெடைக்கல்ல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றைக்கு வீட்டில் பிரம்பு பிளந்துபோகும்வரை மேஜர் அடிவாங்கியது. பிறகு நேசையன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நாகர்கோயில்ல அடுத்த மாசம் இருக்கு. அங்கயும் அனங்குச்சுன்னா கொண்டு போய் பேச்சிப்பாறைக் காட்டுல தட்டிட்டு வந்துருவேன். சிப்பிப்பாறைதானே, பேச்சிப்பாறை. சொந்த ஊரு மாதிரி இருக்கும்."

அவர் சொன்னால் செய்வார் என்று ஜெபகுமாரிக்கு முழங்காலில் எழுதியிருந்தது. நாயின் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டே, இதை நிற்கவைக்க வேறு என்ன வழி என்று யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த நிற்றல் ஒன்றுதான்.

மறுநாள் ஏழு மணிக்கு மேஜரை ஜெப அறை வாசலில், கண்மூடி முழங்காலிட்டிருந்த நேசையனின் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, "நில்லு மக்கா" என்றாள். முழங்காலிட்டு ஜெபித்தாள், சின்னதாக. ஆமென் என்றதும் மடியிலிருந்து ஒரு ரஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினாள். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பத்து நாளில், கர்த்தர் உலகத்தை உண்டாக்கின கதை முழுதையும் சொல்லி முடித்தாலும் அந்த நாய் கண்ணை அசைக்காமல் நின்றது. ஜெபத்துக்கு நடுவில் பல்லி வாலில் விழுந்தது. நின்றது. பூனை வந்து மூக்கை மோந்து பார்த்து, சிலை என்று நினைத்து உரசிவிட்டுப் போனது. நின்றது. ஆமென் என்ற சொல் விழுந்ததும் உயிர் வந்து மடிக்குப் பாய்ந்தது.

கை வைக்க ஒரு அந்நிய ஆள் வேண்டுமே. முத்துக்கனியைப் பிடித்தாள்.

"எனக்கு நாய் பாக்கத் தெரியாது மக்கா. மீனுதான் தெரியும்."

"மீனைப் பாக்கது மாதிரியே பாருங்க அக்கா."

முத்துக்கனி மேஜரின் வாயைச் செவுள் திறப்பது போலத் திறந்தாள். கண்ணிமையைத் தூக்கினாள். விலாவை அமுக்கிப் பார்த்தாள். "பதம் கெடல்ல" என்றாள். ஜெபகுமாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இனி கீழ" என்றாள்.

"கீழன்னா?"

"பின்னால. ரெண்டும் இருக்கான்னு."

முத்துக்கனி ஒருகணம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். "ரெண்டும் எடத்துல இருக்கு. ஏட்டி, இதுக்கா அந்த மனுசன் டிரஸ் போட்டுட்டு திருநவேலி போறாரு? இத நான் ஒரு கிலோ சாளை வாங்குனா சும்மா பாத்துச் சொல்லுவேனே."

ஜெபகுமாரி சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று வெகுநாள் கழித்தும் முத்துக்கனி சொல்லிக்கொண்டிருந்தாள். மேஜர் மட்டும் சிரிக்கவில்லை, அசையவில்லை; ஆமெனுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

நேசையன் பார்த்தார். நாய் நின்ற நிற்பில் ஒரு குறையும் இல்லை. "பாத்தியா, எனக்க அடி லேட்டாத்தான் பிடிக்கும்" என்றார். அவள் மடியிலிருந்த ரஸ்க்கை இன்னும் உள்ளே செருகினாள்.

நாகர்கோவிலில் கண்காட்சி நடந்த மைதானத்துக்கு ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய பந்தல், நாலு திசைக்கும் ஒலிபெருக்கி. கன்வென்ஷன் கூட்டம். ஜெபகுமாரி காரிலிருந்து இறங்கியதும் அதைப் பார்த்தாள். பிரசங்கியாரின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. நேசையனிடம் திரும்பினாள்.

"இஞ்ச பாருங்க. பக்கத்துல கன்வென்ஷன் நடக்கு."

"நடந்துட்டுப் போவுது."

"அதுக்கில்ல. ஜெபம் பண்ணி முடிச்சாவன்னா—"

"நீ அனங்காம ஒரு எடத்துல இரி" என்றார். அவள் கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள்.

மேஜர் வளையத்துக்குள் வந்தது. "நில்லு" என்றார் நேசையன். நின்றது. நடுவர் வடக்கேயிருந்து வந்த அம்மாள், வெள்ளை முடி. சுற்றி வந்து பார்த்தார். மதிலுக்கு அப்பால் பிரசங்கியார் ஜெபத்துக்குத் திரும்பிவிட்டார். தேசத்துக்காக, மழைக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. நடுவர் பல் பார்த்தார். வியாதியஸ்தர்களுக்காக. தோளைத் தடவினார். விதவைகளுக்காக. முதுகு. ஜெபகுமாரி உள்ளுக்குள் வேறொரு ஜெபம் பண்ணினாள்: ஆண்டவரே, அந்தப் பிரசங்கியாரை நிறுத்தாதேயும், அவருக்கு இன்னும் வாக்கு வல்லமை தாரும். நடுவரின் கை வயிற்றுக்குக் கீழே போனது. மேஜர் சிலை. இரண்டும் இருந்தன. நடுவர் தலையை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்து, எழுதுகிற அட்டையைத் திருப்பினார். பெனிஷ்கூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி நாலும் சேர்ந்து, "ஆமென்" என்றது. பந்தலில் இருந்த ஐயாயிரம் பேரும், "ஆமென்" என்றார்கள்.

மேஜர் பாய்ந்தது. நடுவரின் அட்டை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். கயிற்றைத் தாண்டி, நேராக ஜெபகுமாரியிடம் வந்து, முன்னங்கால்களை அவள் இடுப்பில் வைத்து, மூக்கை மடியில் நுழைத்தது. ஊரே சிரித்தது. அவள் நேசையனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் நாய் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தது. ரஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள்.



மறுநாள் காலையில் அவள் சந்தைக்குப் போய் வருவதற்குள் மேஜர் இல்லை. "அஞ்சுகிராமத்துக்காரனுக்கே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். பேச்சிப்பாறை இல்லையே என்று அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். ஐந்தாம் நாள் மனது கேட்காமல் பகவதியப்பனுக்குப் போன் போட்டாள்.

"இஞ்ச வரல்லியே அம்மா. குடுத்த குட்டிய நான் திருப்பி வாங்கவும் மாட்டேன். சார் என்ன சொன்னாரு?"

சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அணைக்குப் போற ரோட்டு வளைவுல விட்டேன். பொறத்தால ஓடி வந்துரும்னு நெனச்சு, நில்லுன்னேன். நின்னுச்சு. கண்ணாடியில பாத்துட்டே வந்தேன், மறையுக மட்டும் அனங்கல்ல. மைதானத்துல நிக்கத் தெரியாத சவத்துக்கு அங்க நிக்கத் தெரிஞ்சுச்சு."

அவள் பேச்சிப்பாறைக்கு பஸ் பிடித்தாள். மடியில் ரஸ்க்.

வளைவில் கபிரியேல் என்பவரின் டீக்கடை. நாய் ஒன்று நின்றதா என்று கேட்டதும் அவர் பாய்லரை விட்டுத் திரும்பினார்.

"உங்களுக்க நாயாம்மா? ரெண்டு நாள் நின்னுச்சு. மழை பெஞ்சுது, நின்னுச்சு. பன்னு கொண்டு வச்சேன், எச்சி வடிஞ்சுது, தொடல்ல. ரப்பர் வெட்டப் போற பெம்பிள ஒருத்தி பாவம் பாத்துக் கயிறு கெட்டி இழுத்தா, கால் ஒரு இஞ்சு நகரல்ல. கண்ணு மட்டும் வர்ற வண்டியெல்லாம் பாக்கும். ஆருக்காகவோ நிக்குதுன்னு பேசிக்கிட்டோம்."

"பெறவு?"

"முந்தாநேத்து மரம் ஏத்துன தடி லாரி வந்துச்சு. ஹார்ன் அடிச்சான். நாய்தானே, ஒதுங்கும்னு அவன் நெனச்சான். எந்த நாயும் ஒதுங்கும்மா. இது தலையைத் தூக்கிட்டு, போட்டோவுக்கு நிக்க மாதிரி நின்னுச்சு."

ரப்பர் மரத்தடியில் மண் புதிதாக இருந்தது. கபிரியேல்தான் குழி வெட்டியிருந்தார். ஒரு வார்த்தை. ரெண்டு நாளில் அந்த வழியாகப் போன யாராவது ஒருவர், தும்மிவிட்டாவது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும். ஜெபகுமாரி குனிந்து, "ஆமென் மக்கா" என்றாள். ரஸ்க்கை மண்ணின் மேல் வைத்தாள். எறும்பு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவள் வாயிலிருந்து வந்த கடைசி ஆமென் அதுதான்.

வீட்டுக்கு வந்து குளித்தாள். ஏழு மணிக்கு விளக்கைப் போட்டாள். நேசையன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல முழங்காலில் இறங்கினார். அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, "எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கினாள்.

ஆதாமுக்கு வந்தாள். ஆதாமின் மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தாள். நோவாவின் பேழைக்குள் போய் ஒவ்வொரு மிருகத்தையும் ஜோடி ஜோடியாக எண்ணினாள்; நாய் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஆற்றுப் பாலத்தின் தூண்களுக்காக ஜெபித்தாள். முத்துக்கனியின் கூடைக்காக, பெனிஷின் டாபர்மேனுக்காக, நடுவரின் கண்ணாடிக்காக, தடி லாரியின் பிரேக்குக்காக ஜெபித்தாள். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று.

"ஏட்டி" என்றது பக்கத்திலிருந்து கிழிந்த குரல். "கால் மரத்துப் போச்சு. ஆமென் சொல்லு."

"அனங்காதீங்க" என்றாள் அவள். "ஜெபம் நடக்கு."

அவர் கட்டில் காலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் கேட்கவில்லை. அவளுடைய தோளுக்காகக் கை நீட்டினார். தோள் கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளி இருந்தது. நெற்றியில் வேர்வை கோத்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு கொசு வந்து அவருடைய பிடரியில் உட்கார்ந்தது. ஜெபகுமாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அது வயிறு சிவக்கக் குடித்துக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு காரியம் உண்டு, பிதாவே" என்றாள்.