அது வேற பெரியப்பா

நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் என்று வீட்டில் முதன்முதலாகப் பாராட்டு வாங்கியபோது எனக்கு எட்டு வயது. அதுவரை அதே திறமைக்கு உதைதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா என் அப்பாவைவிட ரொம்ப மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் திருமுல்லைவாயிலில் எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். காண்டிராக்டர் மாறுவார், லாரி மாறும், முதுகு மட்டும் அதேதான். எந்த ரெஜிஸ்டரிலும் அவர் பேர் ஏறவில்லை. எதிர்வீட்டுக்காரரோ ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். மாதம் பிறந்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு பென்ஷன் வாங்க பேங்குக்குப் புறப்படுவார். தெருமுனை திரும்பும்வரை பெரியப்பா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, கடையில் ஒரு டீ குடிக்கக்கூட அவர் தம்பியிடம் கேட்கவேண்டும். கேட்கவில்லை. டீயை விட்டுவிட்டார். உடம்புக்கு ஆகவில்லை என்று எங்களிடம் சொன்னார்.

அப்போதுதான் ஓ.ஏ.பி.க்கு, அதாவது அரசாங்கம் முதியோருக்குத் தரும் மாதப் பணத்துக்கு, மனு போட்டார்கள். அதில் ஒரு சிக்கல். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் கிடைக்காது; விசாரிக்க வருகிறவர் 'ஆதரவற்றவர்' என்று எழுதவேண்டும் என்று மனு எழுதிக்கொடுத்தவர் சொல்லிவிட்டார்.

ஆகவே பெரியப்பாவை ஆதரவற்றவர் ஆக்கும் வேலையில் மொத்தக் குடும்பமும் ஆதரவாக இறங்கியது. பின்பக்கம் சைக்கிள் நிறுத்தும் அறையைக் காலி செய்து ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு சட்டி வைத்தார்கள். உடை அலங்காரம் என் பொறுப்பு. அப்பா வெள்ளையடிக்கும்போது போட்டுக்கொள்ளும் சட்டையைத் தேடி எடுத்தேன். அது போதாதென்று தோள்பட்டையில் கொஞ்சம் கிழித்தும் விட்டேன்.

"இன்னாடா நைனா, ஒரேயடியா பிச்சைக்காரனாக்கிட்டியே!"

"அப்பதான் பெரியப்பா துட்டு வரும்."

அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். "அவரு யாருன்னு கேட்டா?"

"பின்னால குடியிருக்கறவரு."

"உனக்கு இன்னா வேணும்னு கேட்டா?"

"கமர்கட்டு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உறவு கேப்பாங்கடா! ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்."

அதிகாரி ஒரு மத்தியானம் வந்தார். பாயைப் பார்த்தார், ஸ்டவ்வைப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "இவரு உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார்."

பெரியப்பா கிழிந்த தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போது மூலையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டில் அவர் கண் விழுந்தது.

எல்லாவற்றையும் யோசித்து வைத்த நாங்கள் தட்டை யோசிக்கவில்லை. அது எனக்குக் காதுகுத்தியபோது பெரியப்பா ஆவடியில் வாங்கியது. பேர் வெட்டும்போது கடைக்காரர் இனிஷியலோடு கேட்டதற்கு, "பேரு இன்னாத்துக்கு? பெரியப்பான்னு வெட்டு, போதும்" என்றாராம். தட்டு எனக்குத்தான். ஆனால் அந்த அளவுக்கு என் வயிறு வளரும்வரை அவர்தான் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போல அதையே கழுவிக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"காதணி விழா அன்பளிப்பு. பெரியப்பா" என்று அதிகாரி சத்தமாகப் படித்தார். "யாருப்பா இந்தப் பெரியப்பா?"

அப்பா பக்கத்து வீட்டுத் தென்னைமரத்தில் காய் எண்ண ஆரம்பித்தார். அம்மா துடைத்த ஸ்டவ்வையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். பணம் போச்சு என்று எனக்கே தெரிந்தது.

"அது வேற பெரியப்பா சார்," என்றேன். "செத்துட்டாரு."

கிடைத்த மேடையை நான் விடுவேனா? "பாவமேன்னு எங்கம்மாதான் இவருக்கு இந்தத் தட்ட குடுத்துது சார். திருப்பி வாங்கிக்குவோம்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டு மூக்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சட்டையைக் கிழிக்கத் தெரிந்த எனக்கு மூக்கை மறைக்கத் தோன்றவில்லை.

"நல்ல மனுஷனா, செத்தவரு?"

இந்தக் கேள்விக்கு அம்மா பாடம் நடத்தவில்லை. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "டீ கூட குடிக்கமாட்டாரு சார்."

அதிகாரி தட்டை இருந்தபடியே மூலையில் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தட்ட அவர்கிட்டயே விட்டு வைங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு அரசாங்க அதிகாரியையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் தெருவைத் தாண்டியதும் வீடே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரியப்பாதான் அதிகம் சிரித்தார். "இன்னா நடிப்புடா மாமே! என்ன சாவடிச்சிட்டியே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் அந்தத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து அம்மாவிடம் கொடுத்தார். "புள்ள திருப்பி வாங்கிக்குவோம்னு சொல்லிக்கீறானே."

"இன்னா மாமா இது? வெளாட்டு போதும், உள்ள வந்து சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

"அந்தாளு மறுபடியும் வந்து பாத்துட்டா?"

அந்த ஆள் மறுபடி வரவேயில்லை. பெரியப்பாவும் பின்னறையை விட்டு வரவில்லை. அப்பா எத்தனை முறை கூப்பிட்டார் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பதில் அதேதான்: "பணத்த நிறுத்திட்டா இன்னா பண்றது?"

முதல் பணம் வந்த அன்று இஸ்திரி போட்ட சட்டையில் என்னை ஆவடிக்குக் கூட்டிப்போனார். எதிர்வீட்டைக் கடக்கும்போது கொஞ்சம் மெதுவாக நடந்தார். கடையில் உட்கார்ந்து டீ குடித்தார், ஒன்றல்ல, இரண்டு. எனக்குக் கமர்கட்டு. பிறகு என் தட்டை வாங்கிய அதே பாத்திரக் கடைக்குப் போய்த் தனக்கு ஒரு தட்டு வாங்கினார். கடைக்காரர் பேர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா பேரு பெரியவரே?" என்றார்.

"பேரு வேணாம்பா. செத்துப்போனவனுக்கு இன்னாத்துக்குப் பேரு?"

கடைக்காரர் விழித்தார். எனக்கா புரியாது, அது என் ஜோக் ஆயிற்றே! கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.