ஒரு கேன் டீசலுக்குச் சைக்கிள்

2022 ஆடி மாதக் கடைசி. இலங்கையில் டீசலும் பெற்றோலும் கிடைக்காத காலம். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்வெளியான வட்டையில் என் ஒன்றரை ஏக்கர் நெல்லும் விளைந்து தலை சாய்ந்து நின்றது. பக்கத்து வயலில் யானை இரண்டு தரம் இறங்கிவிட்டது. அடுத்தது என்னுடையதுதான்.

வெட்டு மெஷின் வட்டை ஓரத்திலேயே நின்றது. கூலிக்கு நெல் போதும் என்றான் அதன் சொந்தக்காரன்.

"டீசலக் கொண்டு வாங்க அண்ணன், உடன வெட்டித் தாறன். தண்ணிய ஊத்தி ஓட்டேலாதே."

ஏறாவூரில், வழக்கமாக என் நெல்லை வாங்கும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியிடம் ஒரு கேன் இருந்தது. நாவற்குடாவில் உள்ள என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்க் காசை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"காச வெச்சி என்ன செய்ற? நாளைக்கு அதுக்கு என்ன கிடைக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? சைக்கிளத் தாங்க. என்ட மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமக் கிடக்கு."

"சைக்கிள் இல்லாம நான் வட்டைக்கு எப்பிடிக் காக்கா போற?"

"யானை நடந்துதானே வருது" என்றார்.

சைக்கிளைக் கொடுத்தேன். கரடியனாற்றுப் பக்கம் போகும் லொறி ஒன்றில் என்னையும் கேனையும் அவரே ஏற்றிவிட்டார்.

வயலில் தண்ணீர் முழுதாக வடிந்திருக்கவில்லை. சேற்றில் மெஷின் டீசலை மளமளவென்று குடித்தது.

"இது வயலா அண்ணன், குளமா?" என்றான் மெஷின்காரன். கடைசி வரப்புக்கு அப்பால் ஒரு துண்டு மிச்சமிருக்க, டீசல் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டது.

யானை மிதித்தது போக எஞ்சியதைப் பக்கத்து வயல்காரப் பெண்ணும் மகளும் தாக்கத்தி என்ற கதிரரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேரும் வந்து வெட்டித் தாறம். மறுகா நீங்க எங்கட வயலுக்கு ரெண்டு நாள் வரோணும்."

"நான் தாக்கத்தி பிடிச்சுக் கனகாலம்."

"அப்ப மூண்டு நாள்."

பொழுதுபடுவதற்குள் என் வயல் முடிந்தது. அன்றிரவு வந்த யானை வைக்கோலைக் கிளறிவிட்டுப் போயிருந்தது. நெல் மூட்டைகள் அதற்கு முன்பே பாதுகாப்புக்காக மெஷின்காரன் வீட்டுக்குப் போய்விட்டன.

விடிய அந்தப் பெண்ணின் வயலில் இறங்கினேன். மத்தியானம் வரை வெட்டினேன். நான் வெட்டிய பக்கத்தையும் மகள் வெட்டிய பக்கத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன், தாக்கத்திய அவளிட்டக் குடுங்க. நீங்க கட்டுத் தூக்குங்க."

வீட்டுக்குப் போய்வரச் சைக்கிள் இல்லாததால், மூன்று நாளும் வயல் குடிசையான வாடியில் படுத்தெழும்பிக் கட்டுத்தான் தூக்கினேன்.